நல்லெண்ணெய் தின்ற நண்டு

கடலோரக் கழிமுகத்தில் நீர்நாய் ஒன்று நண்டுக் குட்டை வைத்திருந்தது. அதன் பெயர் சடையன். தினமும் தவிட்டில் மத்தி மீன் எண்ணெயைப் பிசைந்து, உருண்டை பிடித்து, குட்டைக்குள் போடும். நண்டுகள் தின்னும். நாற்றத்தைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை.

கொடுக்கன் என்ற நண்டுக்கு அந்த நாற்றம் பிடிக்கவில்லை. பொதுவாகவே அதற்கு எதுவும் பிடிக்காது.

ஒருநாள் கரையில் நின்ற கொக்கு கேட்டது: "கொடுக்கா, உன் அழகுக்கு மத்தி எண்ணெயா? எள்ளை ஆட்டி எடுப்பாங்க, நல்லெண்ணெய்னு பேரு. பேரிலேயே நல்லது இருக்கு பார்!"

கொடுக்கன் யோசித்தது. மத்தி எண்ணெயை யாரும் நல்லெண்ணெய் என்று கூப்பிடுவதில்லை. ஆகவே அது கெட்ட எண்ணெய் என்று முடிவு செய்தது.

கொக்குக்கு ஒன்றே மதி. 'நண்டு கொழுத்தால் வளையில் இராது' என்ற பழமொழியை அது எங்கேயோ கேட்டிருந்தது. நண்டு கொழுக்க வேண்டும், வளையை விட்டு வெளியே வர வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

"சடையண்ணே! இனிமே நல்லெண்ணெய் இருந்தாத்தான் தின்பேன்!" என்று கொடுக்கன் அடம்பிடித்தது.

"தாராளமா!" என்றது நீர்நாய். மிச்சமாகும் மத்தியைத் தானே தின்னலாம் என்று அதற்கு உடனே தோன்றிவிட்டது.

அன்று முதல் எல்லா உருண்டையிலும் நல்லெண்ணெய். நீர்நாய் கரையில் உட்கார்ந்து மத்தியைத் தின்றது. தலைகளை மட்டும் தண்ணீரில் துப்பியது. பக்கத்து வளைப் பெண் நண்டு ஆழியும் மற்ற நண்டுகளும் ஓடிப்போய் அவற்றைப் பொறுக்கித் தின்றன.

"ச்சீ! எச்சில் தலையையா தின்னுறே?" என்றது கொடுக்கன்.

"நம்மது கடல்ல பொறந்த உடம்பு. ஓடு கழட்டுற நாள்ல எள்ளு கைகொடுக்காது. இந்தா, ஒரு தலை தின்னு!" என்றது ஆழி.

"கொழுப்பைப் பார்! எனக்கே புத்தி சொல்றியா?"

"கொழுப்பு உனக்குத்தான் நிறைய இருக்கு. வேண்டிய கொழுப்புதான் இல்லை."

மூன்று மாதத்தில் கொடுக்கன் பூசணிக்காய்போல் ஆனது. வளைக்குள் உடம்பு நுழையவில்லை. வெளியிலேயே உலாவியது.

நண்டு வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். சட்டென்று கழற்றிவிட்டு ஒளிந்துகொள்ள வேண்டும். புது ஓடு இறுகும்வரை உடம்பு பஞ்சாக இருக்கும். யார் வேண்டுமானாலும் தின்னலாம்.

ஆழி வளைக்குள்ளேயே ஓட்டைக் கழற்றியது; புது ஓடும் இறுகிவிட்டது. பிறகு கொடுக்கனின் முறை வந்தது. நடுக்குட்டையில், எல்லாரும் பார்க்க, கழற்ற ஆரம்பித்தது. பாதியில் பலம் போய்விட்டது. உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. கொடுக்கனுக்கு உயிர்ப்பயம் பிடித்தது.

கொக்கு நிதானமாக நடந்து வந்தது.

"அண்ணே, நீங்கதானே நல்லெண்ணெய் தின்னச் சொன்னீங்க!"

"நானேதான்!" என்ற கொக்கு, ஒரு கொடுக்கை வெடுக்கென்று பிய்த்து விழுங்கியது.

உடனே அதன் முகம் கோணியது. "த்தூ! என்ன இது? எள்ளுருண்டை மாதிரி இருக்கு! நண்டு எங்கே? மூணு மாசம் ஒத்தக்கால்ல நின்னது இதுக்கா?"

அது குமட்டிக்கொண்டு நின்ற நேரத்தில், ஆழி பாய்ந்து வந்து கொடுக்கனின் பழைய ஓட்டை உரித்துத் தள்ளியது. பஞ்சாகிப்போன உடம்பைப் பிதுக்கித் தன் வளைக்குள் இழுத்துக்கொண்டது.

உள்ளே போனதும் கொடுக்கன் மெதுவாகக் கேட்டது:

"அந்த மத்தித் தலை மிச்சம் இருக்கா?"

"இருக்கு. ஆனா நாறும்."

"நாறட்டும்!" என்றது கொடுக்கன்.

சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும். பேரைப் பார்த்துத் தின்பவனுக்கு உடம்பும் பேருக்குத்தான் இருக்கும்.