ஐந்தாவது மாஸ்க்

வெள்ளைக்கல்லை மாவாக அரைக்கிற ஆலை அது. அரவைக் கொட்டகைக்குள் போகிறவர்கள் நான்கு பேர். தினமும் சாயங்காலம் மேஸ்திரி சடையப்பன் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயப்போடுகிற மாஸ்க் ஐந்து.

ஐந்தாவது யாருடையது என்று புதிதாக வருகிறவர்கள் ஒரு தடவை கேட்பார்கள். அவர் பதில் சொன்னதில்லை. இரண்டாம் தடவை யாரும் கேட்டதில்லை.

கார்த்திகை பிறந்துவிட்டால் சடையப்பன் மேஸ்திரி இல்லை, குருசாமி. சபரிமலைக்குப் பதினேழு தடவை போய்விட்டார். இது பதினெட்டாவது. பதினெட்டாம் வருஷம் போகிறவர் மலையில் நடுவதற்கு ஒரு தென்னங்கன்றைச் சுமந்து போவது வழக்கம். அவருடைய கன்று குழாயடியில், கிழிந்த சாக்குக்குள், இரண்டு ஓலை விட்டு நின்றது.

மாலை போட்டவர்கள் எல்லாரும் சாமி. அதனால் அந்த மாதத்தில் ஆலையில் திட்டுகூட மரியாதையாகத்தான் விழும்.

"மூளையை வீட்டிலேயே வச்சிட்டு வந்துட்டீங்களா சாமி?"

அன்று காலை விழுந்தது இளவழகன்மேல். முப்பத்துநாலு வயது. முதல் மாலை. இருபது நாள் தாடி.

"ரெண்டு உள்ளங்கையாலயும் பில்டரை மூடுங்க. இப்ப மூச்சை இழுங்க."

இழுத்தான். ரப்பர் உள்வாங்கி முகத்தோடு ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை. தாடை ஓரத்தில் உஸ்ஸென்று காற்று நுழைந்தது.

"வாரை நல்லா இறுக்கிக் கட்டியிருக்கேனே குருசாமி."

சடையப்பன் கை ஒரு நொடி அப்படியே நின்றது.

"வாரை இறுக்கினா முடி உதிர்ந்துடுமா சாமி? கொசுவலையைக் கட்டிட்டு ஒரு ஓரத்தைத் தூக்கி விட்டாப்ல இருக்கு."

"மேல ஒரு துண்டு கட்டிக்கிறேன்."

"கட்டிக்கோங்க. போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

தாடிக்காரருக்கும் ஆகிற மாதிரி, தலை முழுக்க மூடி உள்ளே சுத்தமான காற்றை ஊதுகிற கவசம் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. சடையப்பன் மூன்று வருஷமாகக் கேட்கிறார். வாங்கலாம் என்கிறார் முதலாளி. அந்த 'லாம்' இன்னும் 'ஆச்சு' ஆகவில்லை.

"முகத்தை வழிச்சிட்டு வாங்க. இல்லேன்னா உள்ளே போகாதீங்க."

இளவழகன் மாஸ்க்கைக் கழற்றினான்.

"ரெண்டு தடவை கலைஞ்சுபோச்சு குருசாமி. இது ஏழாம் மாசம். நாப்பத்தெட்டு நாள் கத்தி படாம இருக்கேன்னு வேண்டிக்கிட்டேன். நடுவுல எடுத்து, ஏதாவது ஆயிட்டா, திலகா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"அப்ப வீட்டில இருங்க."

"உள்ளே போகாத ஆள் எனக்கு வேண்டாம்னு முதலாளி நேத்தே சொல்லிட்டார். பிள்ளை பிறக்கிற நேரத்துல வேலையில்லாம நிக்கச் சொல்றீங்களா?"

தூசியில்லாத வேலை அங்கே ஒன்றே ஒன்று. வெளிமுற்றத்தில் குழாய் பிடித்துக் கல் கழுவுவது. அதற்கு ஒரே ஆள் போதும். மாலை போட்டிருக்கும் நாட்களில் அந்த ஆள் சடையப்பன்தான். அவருக்கும் முகம் நிறையத் தாடி.

"நீங்க குரு," என்றான் இளவழகன். "எடுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எடுத்துடறேன். பாவமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"மத்தியானம் குழாயடிக்கு வாங்க."

மத்தியானம் போனான். கல்மேல் ஒரு கண்ணாடி, ரேசர், சோப்பு. பக்கத்தில் அந்த ஐந்தாவது மாஸ்க். வாரில் 'ம' என்று மையில் எழுதியிருந்தது. அத்தனை தடவை கழுவியும் அழியவில்லை. அழியவிட்டால்தானே. மேலே மேலே எழுதியிருந்தது.

"என் தம்பி மருதையனோடது," என்றார் சடையப்பன்.

இளவழகன் உட்கார்ந்தான்.

"ஒருநாள் இது இல்லாம உள்ளே போனவன் இல்லை. பில்டரை நேரத்துக்கு மாத்துவான். கழுவுவான். மூடிபோட்ட டப்பாவுல வைப்பான். மத்தவனுங்க ஆணியில மாட்டி மாவு பிடிக்க விடுவானுங்க, இவன் விடமாட்டான்."

"அப்புறம் எப்படி?"

"முதல் தடவை மாலை போட்டப்ப என்கிட்ட வந்து கேட்டான். அண்ணே, தாடி மேல இது சரியா உக்காரலையே, வழிச்சிடட்டுமான்னு. நான் குருசாமி இல்லையா? கத்தி படக்கூடாது சாமி, வாரை நல்லா இறுக்கிக் கட்டுங்கன்னேன்."

இளவழகன் தலை குனிந்துகொண்டான்.

"மலையிறங்கின பிறகும் எடுக்கலை. எடுப்பா இருக்கு சாமின்னு அதையும் நான்தான் சொன்னேன். ஒன்பது வருஷம். இருமல் வந்துது. டி.பி.ன்னு ஆறு மாசம் மாத்திரை குடுத்தாங்க. மாத்திரை தீர்ந்துது. இருமல் தீரலை."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் அதை மூடிவிட்டு வந்தார்.

"கடைசித் தடவை நீலிமலை ஏறும்போது நான் முன்னால 'சாமியே'ன்னு கூப்பிடறேன். அவன் பின்னால 'சரணம் ஐயப்பா' சொல்லணும். சத்தத்தைக் காணோம். என்ன சாமி, சரணம் சொல்லக்கூடச் சோம்பலான்னு திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்திருக்கு. சொல்றான். காத்து வரலை."

இளவழகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பங்குனியில போயிட்டான். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடிச்சு டாக்டர் கேட்டார், நெஞ்செல்லாம் கல்தூசி, இவர் மாஸ்க்கே போடமாட்டாரான்னு. ஒருநாள் தவறாம போட்டான் சார்னேன். அவர் நம்பலை."

சடையப்பன் சோப்பை நனைத்தார். நுரை எழும்பியது. ரேசரைக் கையில் எடுத்தார்.

இளவழகன் கண்ணை மூடிக்கொண்டான். திலகாவின் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொன்னான். முகவாயை நீட்டினான்.

ஒன்றும் படவில்லை.

கண்ணைத் திறந்தபோது கண்ணாடி குருசாமியின் பக்கம் திரும்பியிருந்தது. நுரை அவர் கன்னத்தில் இருந்தது. பாதித் தாடி அவர் மடியில் கிடந்தது.

"குருசாமி! என்ன செய்றீங்க?"

அவர் மற்ற பாதியையும் வழித்தார். அவசரப்படவில்லை. முகத்தைக் கழுவித் துடைத்தபோது வேறு யாரோ போலிருந்தார். முகம் சின்னதாகிவிட்டிருந்தது.

கல் கழுவும் ரப்பர் குழாயை எடுத்து இளவழகன் கையில் கொடுத்தார்.

"நாப்பத்தெட்டு நாள் முடியற வரைக்கும் கல்லை நீங்க கழுவுங்க சாமி. அரவைக்கு நான் போறேன். முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். தென்னங்கன்னுக்கு ரெண்டு செம்பு ஊத்துங்க, மறந்துடாதீங்க."

இளவழகனுக்குக் குழாயைப் பிடிக்கவும் தெரியவில்லை, கீழே வைக்கவும் தெரியவில்லை.

சடையப்பன் தன் டப்பாவைத் திறந்தார். மாஸ்க்கை எடுத்தார். புது பில்டர் இரண்டையும் திருகினார். முகத்தில் வைத்து வாரைக் கட்டினார். இரண்டு உள்ளங்கையாலும் மூடி மூச்சை இழுத்தார். ரப்பர் உள்வாங்கி ஒட்டியது. எந்த ஓரத்திலும் சத்தம் இல்லை.

"பதினெட்டாவது வருஷம் குருசாமி," என்றான் இளவழகன். "இப்படி மழிச்ச முகத்தோட போய் நின்னா, ஐயப்பன் ஏத்துக்குவாரா?"

சடையப்பன் வாரைத் தளர்த்தி மாஸ்க்கைக் கையில் எடுத்தார். தம்பியின் மாஸ்க்கைத் துணியில் சுற்றி டப்பாவுக்குள் வைத்து மூடினார்.

"தெரியாது சாமி," என்றார். "மூச்சு விட முடியாத ஒருத்தனைத் தாடியோட பதினெட்டுப் படியும் தூக்கிக்கிட்டுப் போய் நிறுத்தினேன். அவர் ஒண்ணுமே சொல்லலை."