பாக்கியம் வரும் இடம்

திருமலைச்சாமிக்குக் குரு வாய்த்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்று. குருவுக்கு முப்பத்து மூன்று.

குருவின் பெயர் ரெஜினா. படத்தொகுப்பாளர். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார். அதிலிருந்து சினிமாக்காரர்கள் எல்லோருக்கும் அவர் டீச்சர். உதவி இயக்குநராகவே தலை நரைத்துப்போன திருமலைச்சாமி அந்த வகுப்பில் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பொடியன்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"முன்னாடி வாங்க சாமி. அங்கருந்து பாத்தா நடிக்கிறவங்க கண்ணு தெரியாது."

டீச்சரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு காட்சி வேண்டாம் என்று யாராவது சொன்னால் உடனே அதை வெட்டி, இரண்டு பக்கத்தையும் ஒட்டிவிட மாட்டார். காட்சியை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் அதே நீளத்துக்கு வெறும் கறுப்பை வைப்பார். பிறகு எல்லோரையும் சாப்பிட அனுப்பிவிடுவார். வயிறு நிறைந்து வந்த பிறகு கறுப்போடு சேர்த்துப் படத்தைப் பார்க்க வேண்டும்.

"எதுக்கு டீச்சர் கறுப்பு? எடுத்துட்டு ஒட்டிட்டாப் போச்சு" என்று திருமலைச்சாமி முதல் வாரமே கேட்டார்.

"ஒட்டிட்டா மறந்துரும்" என்றார் டீச்சர்.

பத்து வருஷம் போனது. ஐம்பத்தொன்றாவது வயதில் திருமலைச்சாமியின் முதல் படம் வெளியானது. பெயர் 'ஒன்பது குடை.' டீச்சர் அதைத் தொகுக்கவில்லை. "என் கை வேண்டாம், உங்க கை வரட்டும்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

மழை விடாமல் கொட்டும் ஒரு நாளில், ஒரு பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்ட ஒன்பது பேரின் கதை அது. கதாநாயகன் கிடையாது. வில்லன் கிடையாது. ஒருத்தர் கதை இன்னொருத்தர் கதையை உரசிக்கொண்டு போகும். முதல் படத்திலேயே மூன்று மணி நேரம். ஆசைக்கு ஒரு அளவு வேண்டாமா என்று நண்பர்கள் கேட்டார்கள். மனிதர் கேட்கவில்லை.

அந்த ஒன்பது பேரில் கடைசி ஆள் பாக்கியம். நாற்பது வயசுக்காரி. தகரப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருப்பாள். அவள் ஊருக்குப் போகும் பஸ் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொரு முறையும் எழுந்து நடப்பாள். திரும்பி வந்து மறுபடியும் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொள்வாள். ஏன் என்று படம் சொல்லாது. கடைசி பஸ் வரும்போது அவள் எழுந்து நிற்பாள். அதோடு படம் முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை பவானியில் முதல் காட்சி. தயாரிப்பாளர் நாச்சிமுத்துவுக்கு அதுதான் ஊர். நூல் மில் வைத்திருக்கிறார். சினிமாவுக்குப் புதுசு. தியேட்டர் அவர் மச்சானுடையது.

படம் முடிந்து விளக்கு போட்டதும் பாதிப் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். மீதிப் பேர் ஊளையிட்டார்கள். வாசலில் நின்ற திருமலைச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா அழுதாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். அவர் மனசு குளிர்ந்து நிமிர்வதற்குள் ஒரு மீசைக்காரர் வந்து முன்னால் நின்றார். பெயர் சென்னியப்பன். ஜமக்காளம் நெய்கிறவர்.

"படம் எடுத்தவரு நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"எதுக்குங்க எடுத்தீங்க?"

சென்னியப்பன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"அந்தப் பொம்பள பொட்டி மேல உக்காரறா, எந்திரிக்கறா, மறுக்கா உக்காரறா. இதப் பாக்க நான் தறிய நிறுத்திப்போட்டு வரோணுங்களா? உங்களுக்கு மனசாச்சின்னு ஒண்ணு இருக்குதுங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சென்னியப்பன் சிரிக்கவில்லை. நிஜமாகவே கோபமாக இருந்தார்.

அன்றைக்கு நாள் முழுக்க இதே கதைதான். ஒரு விமர்சகர் படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். இன்னொருவர் தூக்க மாத்திரை என்று எழுதினார். போனை எடுத்தால் வாழ்த்து, வைத்துவிட்டு எடுத்தால் வசவு.

சாயங்காலம் நாச்சிமுத்து வந்தார். நல்ல மனுஷர்தான், பயந்து போயிருந்தார்.

"திட்டற எல்லாருமே பாக்கியத்தத்தானுங்க சொல்றாங்க. அந்தம்மாவ எடுத்துருங்க. எட்டுப் பேரு போதும்."

"ஐயா, அவ இல்லாம படம் இல்லீங்க."

"எட்டுப் பேரு இருக்கறப்ப எப்படிங்க படம் இல்லாமப் போகும்? நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. இல்லீன்னா திங்கக்கிழம படத்த எல்லாத் தியேட்டர்லயும் இருந்து எடுத்துருவேன். என்ற மச்சான் மொகத்துல என்னால முழிக்க முடியல."

திருமலைச்சாமி டீச்சருக்குப் போன் செய்தார். சனிக்கிழமை காலை டீச்சர் ரயிலில் ஈரோட்டில் வந்து இறங்கி, பஸ் பிடித்து பவானிக்கு வந்துவிட்டார்.

தியேட்டருக்கு எதிரே டீக்கடை. நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டுத் திருமலைச்சாமி கேட்டார்.

"பாதிப் பேர் கும்பிடறாங்க. பாதிப் பேர் காறித் துப்பறாங்க. இதுல யார் சொல்றது சரி டீச்சர்?"

டீச்சர் டீயை ஆற்றிக் குடித்தார். அவசரமே இல்லை.

"பாக்கியத்தை எடுத்துரலாம்" என்றார்.

திருமலைச்சாமி கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். டீச்சர் வந்து தனக்காக நாலு வார்த்தை பேசுவார், நாச்சிமுத்துவிடம் சண்டை போடுவார் என்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

"நீங்களுமா டீச்சர்?"

"மதிய ஆட்டத்துலயே எடுத்துப் பாத்துரலாம். நாச்சிமுத்து ஐயாவையும் வரச் சொல்லுங்க. இப்ப வாங்க, சாப்பிடலாம்."

மெஸ்ஸில் இலை போட்டார்கள். டீச்சர் நிதானமாகச் சாப்பிட்டார். ரசம் நன்றாக இருக்கிறது என்று இன்னொரு முறை கேட்டு வாங்கிக்கொண்டார். திருமலைச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. பத்து வருஷமாகக் குரு என்று நம்பியவர் மேல் அவருக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் அப்பளத்தை நொறுக்கிப் பொடியாக்கிக்கொண்டிருந்தார்.

மதியக் காட்சிக்குக் கூட்டம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலையைவிட அதிகம். சிரிக்க வந்த கூட்டம் என்று திருமலைச்சாமி நினைத்துக்கொண்டார். நடுவரிசையில் சென்னியப்பனின் மீசை தெரிந்தது. இந்த முறை மனைவியையும் மைத்துனனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

டீச்சர் ஆபரேட்டர் அறைக்குப் போய்விட்டார். அங்கே புரொஜக்டரின் வெளிச்சத்தை அடைக்க ஒரு பொத்தான் உண்டு. சத்தத்தை அடைக்க ஒன்று உண்டு. எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எந்த இடத்தில் விட வேண்டும் என்று ஆபரேட்டருக்குச் சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். திருமலைச்சாமியும் நாச்சிமுத்துவும் ஹாலின் கடைசியில், கதவோரம்.

மழை தொடங்கியது. ஒவ்வொருவராக பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடி வந்தார்கள். பாக்கியம் தகரப் பெட்டியோடு வர வேண்டிய இடம் வந்தது.

திரை இருண்டது. சத்தமும் நின்றது.

திருமலைச்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. கறுப்பு. சாப்பாட்டுக்குப் பின் கறுப்பு.

"ஏய் ஆபரேட்டரு, தூங்கிட்டயா!" என்று யாரோ விசிலடித்தார்கள். சற்று நேரத்தில் வெளிச்சம் வந்தது. படம் ஓடியது.

இரண்டாவது முறை இருண்டபோது ஹாலில் முணுமுணுப்பு கிளம்பியது. "கரெண்டு போயிருச்சா?" "பேன் சுத்துதேடா." நாச்சிமுத்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது முறை இருண்டது. நடுவரிசையில் ஒரு நாற்காலி படாரென்று மடங்கிய சத்தம் கேட்டது.

"யோவ்! என்னய்யா வெளையாடறீங்க?" சென்னியப்பனின் குரல். "இது பாக்கியம் வர்ற எடம்யா!"

யாரோ "உக்காருய்யா" என்றார்கள்.

"எதுக்குய்யா உக்காரோணும்? என்ற பொண்டாட்டிகிட்ட அந்தப் பொம்பளையக் காட்டறதுக்குத்தான் சோலியப் போட்டுட்டு வந்திருக்கறேன். நேத்துல இருந்து எங்க தறிக்கூடமே அடிச்சுக்குது. ஏன் எந்திரிக்கறா, ஏன் உக்காரறான்னு இவளாவது சொல்லட்டும்னு பாத்தா, அவளையே காணோம்!"

"இந்த எடத்துல என்னங்க வரும்?" என்று மைத்துனன் கேட்டான்.

"ஊருக்குப் போற வண்டி வரும். இவ எந்திரிப்பா. பொட்டியத் தூக்கீட்டு வண்டிப் படி வரைக்கும் போவா."

"படி வரைக்கும் போக மாட்டா" என்று வலது பக்கத்திலிருந்து ஒரு குரல். "பாதியிலயே நின்னுருவா."

"நான் பாத்தேன்யா!"

"நானும்தான் பாத்தேன். பொட்டியவும் தூக்க மாட்டா. பொட்டிய உட்டுப்போட்டுத்தான் போவா. அதானய்யா விசயமே!"

"தூக்குவா!"

"தூக்க மாட்டா!"

இருட்டில் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். திரையில் ஒன்றுமில்லை. ஹாலில் பாக்கியம் எழுந்தாள், உட்கார்ந்தாள், படி வரைக்கும் போனாள், பாதியிலேயே நின்றாள். பார்க்காதவர்கள் பார்த்தவர்களிடம் கேட்டார்கள். பார்த்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்கவில்லை.

பால்கனியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. மெதுவான குரல்தான். நேற்று வாசலில் கையைப் பிடித்து அழுத அந்த அம்மாவாக இருக்கலாம்.

"குனிஞ்சு கைப்பிடியப் புடிப்பாளுங்க. தூக்கப் போவா. அப்பறம் உட்ருவா."

ஹால் அடங்கிவிட்டது.

"பாக்கியத்தப் போடு!" என்றார் சென்னியப்பன்.

"பாக்கியத்தப் போடு!" என்றது வலது பக்கம்.

பிறகு எல்லோரும். நாற்காலிக் கைகளில் தட்டினார்கள், தரையில் உதைத்தார்கள். திருமலைச்சாமி சுவரைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு குரல் காதைக் கிழித்தது. திரும்பிப் பார்த்தார். நாச்சிமுத்து இரண்டு கையையும் வாயருகே குவித்து வைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்.

"பாக்கியத்தப் போடுங்கய்யா!"

மேலே ஆபரேட்டர் படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினார். திரையில் வெளிச்சம் வந்தது. மழை. தகரப் பெட்டி. அதன் மேல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாக்கியம்.

பெரிய நடிகர் அறிமுகமாகும்போது கிளம்புகிற விசில் கிளம்பியது. யாரோ காகிதத்தைக் கிழித்து வீசினார்கள். பாக்கியத்துக்கு அது எதுவும் தெரியாது. பஸ் வந்தது. எழுந்தாள். குனிந்து கைப்பிடியைப் பிடித்தாள். விட்டாள்.

"பாத்தியா, தூக்கல!"

"தொட்டாளா இல்லியா? அதச் சொல்லு!"

திருமலைச்சாமி அழுதார். ஐம்பத்தொரு வயதில், பொது இடத்தில், தோள்துண்டுகூட இல்லாமல் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு அழுதார். சந்தோஷமாக இருந்தது.

படம் விட்டபோது வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கூட்டம் வாசலில் கலையாமல் நின்றது. டிக்கெட் கவுண்டர் பக்கம் நாச்சிமுத்து தன் மச்சானோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். பாக்கியம் கடைசி பஸ்ஸில் ஏறியிருப்பாள் என்று அவர் சொல்ல, ஏறியிருக்க மாட்டாள் என்று மச்சான் சொல்ல, திங்கட்கிழமை பேச்சை இருவருமே மறந்துவிட்டார்கள்.

டீச்சர் மாடிப்படி இறங்கி வந்தார். திருமலைச்சாமி அவர் முன்னால் போய் நின்றார். மெஸ்ஸில் கோபப்பட்டதைச் சொல்லலாமா என்று யோசித்தார். டீச்சர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சென்னியப்பனும் அவர் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

"ஏறியிருக்க மாட்டா. அவளுக்கு ஏது அந்தத் தெம்பு?"

"ஏறிட்டாங்கறேன்" என்றாள் மனைவி.

"நீ எங்க பாத்த? அதுக்குள்ளதான் படம் முடிஞ்சு போச்சே!"

"மத்த வண்டிக்கெல்லாம் எந்திரிச்சப்பப் பொட்டியத் திரும்பிப் பாத்தா. கடைசியாப் பாக்கல. ஏறிட்டா."

சென்னியப்பன் நின்றுவிட்டார். இதை அவர் கவனிக்கவில்லை. சமாளித்துக்கொண்டு மறுபடியும் நடந்தார்.

"அப்படி ஏறறவ மொத வண்டியிலயே ஏறித் தொலைச்சிருக்கலாமில்ல? அத்தன வண்டிய உட்டுப்போட்டு மழையில உக்காந்துட்டு... கிறுக்குப் புடிச்சவ!"

அவர்கள் இவர்களைத் தாண்டிப் போனார்கள். இயக்குநரை சென்னியப்பன் ஏறிட்டும் பார்க்கவில்லை. பின்னாலேயே இன்னும் பல பேர் போனார்கள். சிலர் பாக்கியம் பாவம் என்றார்கள். சிலர் அவளை அறைந்தால் தேவலை என்றார்கள்.

திருமலைச்சாமி சிரிக்கவும் முடியாமல், கேட்காமல் இருக்கவும் முடியாமல் கேட்டார்.

"இப்பவும் பாதிப் பேர் திட்டிட்டுத்தான் போறாங்க, டீச்சர்."

"நேத்து யாரைத் திட்டுனாங்க?"

"என்னை."

"இன்னைக்கு?"

அவர் காது கொடுத்துக் கேட்டார். தெரு முனை வரைக்கும் சென்னியப்பனின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"பாக்கியத்தை."

டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அப்ப நீங்க வீட்டுக்குப் போகலாம் சாமி. இனி அவ பாத்துக்குவா."