மானை இடிக்காத கரடிக்கு இன்சூரன்ஸ் இல்லை

கருமலைக் காட்டில் கரடி மாடக்கண்ணு ஒரு பழைய வெள்ளைக் கார் வைத்திருந்தது. கோடை வந்துவிட்டால் மேற்குச் சரிவில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. அல்லிக்குளம் நான்கு மைல் தள்ளி. நடக்க முடியாத ஆமை, நிறைமாத முயல், இடுப்பு பிடித்துக்கொண்ட முள்ளம்பன்றி என்று எல்லாரையும் ஏற்றிக்கொண்டு தினமும் காலையில் குளத்துக்குப் போகும். வயிறு நிறையக் குடிக்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடும். அந்தக் கார் நின்றுபோனால் அவர்கள் நாக்கு வறண்டு சாக வேண்டியதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

காட்டில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் மாதம் ஒரு குடம் தேன் நரி குணசீலனிடம் கட்டுவார்கள். வண்டி அடிபட்டால் நரி சரிசெய்து கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் இன்சூரன்ஸ். மாடக்கண்ணு பதினொரு வருஷமாக ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ஒரு கரடி வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டித் தேனைக் கொடுப்பதென்றால் சும்மாவா?

ஒருநாள் காலை கார் வளைவில் திரும்பும்போது, புள்ளிமான் செவ்வந்தியின் குட்டி புதருக்குள்ளிருந்து சாலைக்குப் பாய்ந்தது. கரடி யோசிக்கவே இல்லை. ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பியது. குட்டி தப்பியது. கார் நேராகப் போய் மருத மரத்தில் மோதி, முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியது. பின் சீட்டிலிருந்த ஆமை முன் சீட்டில் வந்து விழுந்தது. நல்லவேளை, அதற்கு ஓடு இருந்தது.

நரி படிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. காரை மூன்று சுற்றுச் சுற்றியது. நசுங்கிய பம்பரைக் குனிந்து மோந்து பார்த்தது.

"மான் முடி ஏதாவது ஒட்டியிருக்கா? ரத்தம்?" என்று கேட்டது.

"இல்லை சார். அதான் இடிக்கலையே!"

"பின்னே எதை இடிச்சீங்க?"

"மரத்தை."

நரி பேனாவை மூடிவிட்டது. விதி பன்னிரண்டைப் படித்துக் காட்டியது. குறுக்கே வந்த பிராணியை வண்டி இடித்தால் முழுச் செலவும் இன்சூரன்ஸ் ஏற்கும். ஓட்டுகிறவர் தாமாகத் திருப்பி, நிற்கிற பொருளில் போய் மோதினால் அது அவருடைய தவறு. ஒரு சொட்டுத் தேன்கூடக் கிடையாது.

"மானை மட்டும் இடிச்சிருந்தா இங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்று அனுதாபம் வேறு சொன்னது.

கேட்டீர்களா அநியாயத்தை? ஒரு பச்சைப்பிள்ளையைக் கொன்றிருந்தால் கார் கிடைக்குமாம். கொல்லாததால் கிடைக்காதாம். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு பற்றி எரிகிறது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு செவ்வந்தி அங்கேயே நின்றது. குட்டி அதன் வயிற்றுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. நரி போனதும் தாய்மான் கரடியிடம் ரகசியமாக, தன் முடியைப் பிடுங்கிப் பம்பரில் ஒட்டிவிடலாம், குட்டியை நொண்டச் சொல்கிறேன், இடித்ததாகவே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றது.

"வேண்டாம் தங்கச்சி" என்றது மாடக்கண்ணு. "உன் பிள்ளையை இடிச்சேன்னு ஒரு காகிதத்துல எழுதிக் கொடுத்துட்டு, அப்புறம் இந்த வண்டியை என்னால எப்படி ஓட்ட முடியும்?"

கரடி முன்பக்கத்தைக் கொடியால் இறுக்கிக் கட்டியது. ஒற்றை விளக்கோடு, புகை கக்கிக்கொண்டு, கார் மறுபடியும் குளத்துக்கு ஊர்ந்தது.

ஆனால் நரி படித்த விதியை மரத்தடியில் நின்ற காட்டுப்பன்றியும் கேட்டுவிட்டது. மூன்றாம் நாள் அதன் வேனுக்குக் குறுக்கே ஒரு கடமான் வந்தது. பன்றி ஹாரன் அடித்தது. ஸ்டீயரிங்கை மட்டும் தொடவில்லை. கடமானின் கால் முறிந்தது. நரி ஓடிவந்து, பம்பரில் முடியைக் கண்டுபிடித்து, மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டது. இரண்டே நாளில் புது பம்பர்! கடமானின் காலுக்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

அன்றிலிருந்து கருமலையில் மாடக்கண்ணுவைத் தவிர வண்டி ஓட்டுகிற யாரும் யாருக்காகவும் திருப்புவதில்லை. அவர்கள் எல்லாம் பிறக்கும்போதே கல்நெஞ்சர்களா? இல்லை. நரி கற்றுக்கொடுத்தது, கற்றுக்கொண்டார்கள்.

நரியின் ஆபீஸ் சாலைக்கு இந்தப் பக்கம். வீடு அந்தப் பக்கம். ஒருநாள் சாயங்காலம் அது ஃபைலைப் படித்தபடியே, தலையை நிமிர்த்தாமல் சாலையில் இறங்கியது. அந்த நேரம் பார்த்துக் குளத்திலிருந்து தாமதமாகத் திரும்பி வந்தது மாடக்கண்ணுவின் கார். கரடிக்கு வேறு எதுவும் தெரியாது. திருப்பியது. கார் பாறையில் மோதி, எஞ்சின் பிளந்து, ஒரேயடியாக நின்றுபோனது. நரி ஒரு கீறல்கூட இல்லாமல் புழுதியில் கிடந்தது.

கரடி இறங்கி வந்தது. "எழுதுங்க சார். இப்ப நான் எதை இடிச்சேன்?"

நரி புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தது. பேனாவை எடுத்தது. பாறையைப் பார்த்தது. கரடியைப் பார்த்தது.

"பாறையை" என்றது. "கோவிச்சுக்காதீங்க. இதுக்குக் கொடுத்தா மரத்துக்கும் கொடுக்கணும். அப்புறம் விதியே தப்புன்னு ஆயிடும்."

சே! உயிரைக் காப்பாற்றியவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதியதே! நானாக இருந்தால் அங்கேயே இரண்டு அறை விட்டிருப்பேன். மாடக்கண்ணு விடவில்லை. ஆமையைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தது.

செவ்வந்தி சும்மா இருக்கவில்லை. வண்டி வைத்திருந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனது. தன்னைக் காப்பாற்றியவனுக்கே கையை விரித்த நரி நாளைக்கு உங்களுக்கு என்ன செய்துவிடும் என்று கேட்டது. பன்றி தன் புது பம்பரை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. அந்த மாதத் தேன் ஒரு குடம்கூட நரிக்குப் போகவில்லை. எல்லாம் கரடியின் காரைச் சரிசெய்ய மரங்கொத்தியின் பட்டறைக்குப் போனது. மரங்கொத்தி இடைவிடாமல் நான்கு நாள் தட்டியது. அதுவரை ஆமையையும் முயலையும் மற்ற வண்டிகள் குளத்துக்கு ஏற்றிக்கொண்டு போயின.

அந்த நான்கு நாளும் நரியால் சாலையைத் தாண்ட முடியவில்லை. காலை வைத்தால் ஹாரன் சத்தம். எந்த வண்டியும் திரும்பவில்லை, நிற்கவும் இல்லை. ஒரு தடவை வால்முனையை உரசிக்கொண்டு போன பன்றி, "விதி பன்னிரண்டு சார்!" என்று கத்திவிட்டுப் போனது. எதிர்ப்பக்கம் நரிக்குட்டிகள் பசியில் அழுதன. அந்த அழுகை ஆபீஸ்வரைக்கும் கேட்டது. நரி ஆபீஸ் பசையை நக்கிக்கொண்டு கிடந்தது.

ஐந்தாம் நாள் காலை வெள்ளைக் கார் வந்தது. புது எஞ்சின், இரண்டு விளக்கு. நரி சாலையோரம் முன்னங்கால்களைக் கூப்பி நின்றது. கரடி காரைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தியது. பின்னால் வந்த வண்டிகள் வரிசையாக நின்றன.

"போகவிடு மாடக்கண்ணு. குட்டிங்க பட்டினி."

"பன்னிரண்டை அடி. அடிபட்ட உயிருக்கும் ஒரு கட்டம் போடு. கடமான் பேரை முதல்ல எழுது. அப்புறம் போ."

நரி அங்கேயே புழுதியில் உட்கார்ந்து விதி பன்னிரண்டைக் கோடு போட்டு அடித்தது. கட்டம் போட்டது. கடமானின் பெயரை எழுதியது. கரடி அதை வாங்கி இரண்டு தடவை படித்துப் பார்த்தது. பிறகு வழிவிட்டது. நரி தலைதெறிக்க ஓடியது. கரடி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆமைக்குத் தாகம், நேரமாகிவிட்டது.

இரக்கப்பட்டவனைத் தண்டிக்க ஒருவன் எழுதுகிற விதி, கடைசியில் எழுதியவன் உயிருக்குத்தான் உலை வைக்கும்.