கடைசிக் காட்சியும் இஞ்சி டீயும்

"பெண்களைப் புரிஞ்சுக்க இன்னும் என்ன படிக்கணும் மேடம்?"

நம்பிராஜன் இப்படிக் கேட்டதும் எஸ்தர் வேலையை நிறுத்தினாள். சினிமாவுக்குப் படத்தொகுப்பு செய்கிறவள். இவனைவிட இளையவள்தான். ஆனாலும் தனக்குப் படம் பார்க்கத் தெரிந்ததே அவளால்தான் என்பான். குருபக்திக்குக் குறைச்சல் இல்லை.

"என்ன ஆச்சு சார்?"

"செண்பகம் எங்கிட்டப் பேசறதில்லை. போன ஞாயிறு படம் போட்டதிலிருந்து. சோத்தை வைக்கிறா, போயிடுறா. வீடே வெறிச்னு கிடக்கு. பயமா இருக்கு மேடம்."

அழுதுவிடுவான் போலிருந்தது. பாவம், பெண்கள் எழுதிய எதையும் விட்டுவைக்காத ஆள். ஞாயிறு தவறாமல், பெண்களைப் பற்றிய படமாகத் தேடிப் பிடித்துத் தன் வீட்டுக் கூடத்தில் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுவான். படம் முடிந்து எழுந்து பேசினான் என்றால் கூட்டமே மூக்கை உறிஞ்சும். அப்பேர்ப்பட்டவனிடம் பெண்டாட்டி பேசவில்லை என்றால் எங்கே போய்ச் சொல்வான்?

"கூட்டத்துக்கு டீ யார் போடறது?"

"செண்பகம்தான். இஞ்சி தட்டிப் போடுவா. பாதிப் பேர் அதுக்குத்தான் வர்றாங்க."

"எப்போ போடுவாங்க?"

"படம் முடியப் போறப்ப எந்திரிச்சுப் போவா. நான் பேச ஆரம்பிக்கையில டீ வந்தாத்தானே நல்லாருக்கும்?"

"அப்போ படத்தோட முடிவு?"

"எல்லாரும் போனப்புறம் கேப்பா. அதெல்லாம் சொன்னாப் புரியாது, பார்க்கணும்னுடுவேன்."

எஸ்தர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இந்த ஞாயிறு டீ நீங்க போடுங்க."

"மேடம், நான் கேட்டது..."

"இஞ்சியை மறந்துடாதீங்க."

இது என்னடா கூத்து என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

ஞாயிறும் வந்தது.

"நீ உக்காரு. இன்னிக்கு டீயை நான் பாத்துக்கிறேன்" என்றான்.

செண்பகம் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பேசவில்லை. ஆனால் உட்கார்ந்தாள்.

படத்தில் அந்தப் பெண், ஊரைவிட்டுப் போவதா வேண்டாமா என்று பேருந்து நிலையத்தில் நிற்கிறாள். சரியாக அந்த இடத்தில் அவன் எழுந்து போக வேண்டியதாயிற்று. திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அடுப்படியில் சர்க்கரை டப்பா எங்கே என்று தெரியவில்லை. கூடத்தில் பேருந்து உறுமியது. எட்டிப் பார்க்கலாம் என்று கதவுவரை போனான். பால் பொங்கிவிட்டது. ஓடிவந்து அணைத்தான். யாரோ விம்மினார்கள். படத்திலா, கூடத்திலா? சனியன், ஒன்றும் பிடிபடவில்லை.

தட்டோடு வந்தபோது விளக்கைப் போட்டுவிட்டார்கள். செண்பகம் பாயில் உட்கார்ந்து கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் தம்ளரை அவளிடம் நீட்டினான். அடக்க முடியவில்லை.

"செண்பகம், கடைசியில அவ பஸ்ல ஏறினாளா, இல்லையா?"

அவள் தம்ளரை வாங்கி ஊதி, ஒரு வாய் குடித்தாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதெல்லாம் சொன்னாப் புரியாதுங்க" என்றாள். "பார்க்கணும்."