எதிர்க்கருத்து சொல்ல ஒரு ஆள்

சாத்தனேரி அரசு கலைக் கல்லூரியில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே கிடையாது. அவர்கள் எல்லாரும் வணிகவியல் துறையில் இருந்தார்கள். அரசியல் அறிவியலில் நாலே பேர். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி சொன்னால் கோட்டைச்சாமி, செந்தட்டி, மரியசூசை, ஹமீதா.

இதில் செந்தட்டி அரசியலை ஆசைப்பட்டு எடுத்தவன் இல்லை. கணக்குக்குப் பயந்து ஓடி வந்தவன். பஸ்ஸின் நம்பரைப் பார்த்தாலே அவனுக்கு நெற்றி வியர்க்கும். கலர் பார்த்துத்தான் ஏறுவான், அதனால் இரண்டு முறை வேறு மாவட்டத்துக்குப் போயிருக்கிறான். எண் இல்லாத படிப்பு எது என்று ஊரெல்லாம் விசாரித்து வந்து சேர்ந்த இடம் இது.

அப்படிப்பட்டவன் தலையில்தான் அந்த வெள்ளிக்கிழமை இடி விழுந்தது. துறைத் தலைவர் தாயுமானவன் நாலு பேரையும் நிறுத்தி, அடுத்த ஆண்டுக்கு ஒரு விருப்பப் பாடம் சேர்த்துத் திட்டம் போட வேண்டும் என்றார். உள்ளாட்சி நிர்வாகம் எடுக்கலாம், பன்னாட்டு உறவுகள் எடுக்கலாம். நாலே பேர் என்பதால் எல்லாருக்கும் ஒரே பாடம்தான். சாயங்கால மணி அடிப்பதற்குள் முடிவு வராவிட்டால் புள்ளியியல் துறைக்குத் தள்ளிவிடுவார்கள், அங்கே ஒரு வாத்தியார் பிள்ளைகளே இல்லாமல் காத்துக் கிடக்கிறார்.

புள்ளியியல் என்ற வார்த்தையைக் கேட்டதும் செந்தட்டி சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"சண்டை போடாம, படிச்ச பிள்ளைகளா, ஜனநாயக முறைப்படி முடிவு பண்ணுங்க" என்றார் தாயுமானவன். "எதிர்க்கருத்து என்னன்னு கேளுங்க. ரகசியமா ஓட்டுப் போடுங்க. ஒருத்தர் மட்டும் வந்து சொன்னாப் போதும்." சொல்லிவிட்டு மின்விசிறிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்துகொண்டார்.

நாலு பேரும் சைக்கிள் ஸ்டாண்டில் கூடினார்கள். என்ன வேண்டும் என்று ஹமீதா கேட்டாள். உள்ளாட்சி என்றான் செந்தட்டி. உள்ளாட்சி என்றான் கோட்டைச்சாமி. மரியசூசை வாயில் முறுக்கு இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினான். ஹமீதாவுக்கும் அதுதான். முறுக்கு கரைவதற்குள் வேலை முடிந்துவிட்டது. செந்தட்டி எழுந்து சட்டையைக்கூடத் தட்டிவிட்டான்.

"உட்காருப்பா" என்றாள் ஹமீதா. "எதிர்க்கருத்தைக் கேக்கவே இல்லையே."

"எதிர்க்கத்தான் ஆள் இல்லையே."

"நாலு பேரும் ஒரே பக்கம் நின்னா அதுக்குப் பேரு என்ன? முதல் பருவத்துலயே படிச்சோம்."

சர்வாதிகாரம் என்று மரியசூசை மெதுவாகச் சொன்னான். நாலு பேருக்கும் உடம்பு சில்லிட்டது. சற்று முன் தாங்கள் எவ்வளவு பெரிய கொடுமை செய்யப் பார்த்தோம் என்று ஒருவரை ஒருவர் பயத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

உடனே எதிர்க்கட்சி ஒன்றை ஏற்படுத்துவது என்று தீர்மானமாயிற்று. பதிவேட்டு வரிசைப்படி பதவி கோட்டைச்சாமிக்கு வந்தது. அவன் கண் கலங்கிவிட்டான். தனக்கும் உள்ளாட்சிதான் பிடிக்கும், தன் மாமாவே வார்டு உறுப்பினர் என்று கெஞ்சிப் பார்த்தான். பொது வாழ்க்கையில் சொந்த விருப்பத்துக்கு இடமில்லை என்று சொல்லி, மற்றவர்கள் அவனை ஸ்டாண்டின் அந்தப் பக்கம் தனியாக உட்கார வைத்தார்கள். ஹமீதா சபாநாயகர். மரியசூசை தேர்தல் ஆணையம். மிச்சமிருந்த செந்தட்டி ஆளுங்கட்சி.

கோட்டைச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். எதிர்ப்பது என்று ஆனபின் அரைகுறையாக எதிர்ப்பானேன் என்று நேராகப் புள்ளியியலுக்கே ஆதரவாகப் பேசினான். உள்ளாட்சியைக் கிழித்தான். சொந்த மாமாவையே கிழித்தான், போன வருஷம் அவர் போட்ட சாக்கடையைத் தெருப் பெயரோடு சந்திக்கு இழுத்தான். கடைசியில் வெளிநடப்பு செய்வதாக அறிவித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டான்.

எதிர்க்கட்சி இல்லாமல் சபை நடத்தக் கூடாது என்று ஹமீதா ஒத்திவைத்தாள். கூட்டிவரப் போன செந்தட்டிக்கு டீக்கடையில் ஒரு வடை செலவாயிற்று. திரும்பி வந்த கோட்டைச்சாமி, வந்த வேகத்தில், முதல் வெளிநடப்பைச் சபை மதிக்கவில்லை என்று மறுபடி வெளிநடப்பு செய்தான். அதற்கு ஒரு பஜ்ஜி.

ஒருவழியாக ஓட்டெடுப்புக்கு வந்தார்கள். ஹமீதாவின் டிபன் டப்பாதான் ஓட்டுப்பெட்டி. தயிர்சாதம் ஒட்டியிருந்த அந்த டப்பாவில் நாலு பேரும் சீட்டுகளை மடித்துப் போட்டார்கள். மரியசூசை டப்பாவை மூடி, தன் பெல்ட்டைக் கழற்றி இறுக்கிக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டான்.

"திறந்து எண்ணுல" என்றான் செந்தட்டி.

"ரகசிய ஓட்டு."

"தெரியும். எண்ணு."

"எண்ணினா எனக்குத் தெரிஞ்சுபோகும். அப்புறம் அது எப்படி ரகசியம்?"

கண்ணை மூடிக்கொண்டு எண்ணலாம் என்று கோட்டைச்சாமி யோசனை சொன்னான். எண்ணிவிட்டு மறந்துவிடலாம் என்றாள் ஹமீதா. மறக்கும் திறமை தனக்கு உண்டென்றாலும் ஆணையத்தின் மாண்பு என்று ஒன்று இருக்கிறது என்றான் மரியசூசை, ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு. அப்போது மணி அடித்தது.

செந்தட்டி டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஒருத்தர் மட்டும் என்று சொன்னதால் மற்ற மூவரும் வராந்தாவிலேயே நின்றுவிட்டார்கள்.

"என்ன முடிவு?" என்றார் தாயுமானவன்.

செந்தட்டிக்கு மூச்சு வாங்கியது. மனசு முழுக்க உள்ளாட்சி, உள்ளாட்சி என்று அடித்துக்கொண்டது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. டப்பாவை இரண்டு கையாலும் மேசைமேல் வைத்தான்.

"ரகசியம் சார்" என்றான்.

திங்கட்கிழமை காலை நாலு பேரும் புள்ளியியல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் ஆவுடையப்பன் தங்கமான மனுஷர். பல வருஷமாக வெறும் பெஞ்சுகளுக்கே பாடம் எடுத்துப் பழகியவர். பெஞ்சில் தலைகளைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறிப்போனார். முதல் பாடம் எளிதாக இருக்கட்டும் என்று, எந்தப் பாடம் வேண்டும் என நாலு பேரிடமும் கேட்டுக் கரும்பலகையில் குறித்தார். நாலும் உள்ளாட்சி.

அவருக்கு மனசு இளகிவிட்டது. "நூற்றுக்கு நூறு. இப்படி ஒரு கணக்கெடுப்பை நான் பார்த்ததே இல்லை. உங்களை வலுக்கட்டாயமா வச்சிருக்க மாட்டேன், வாங்க, நானே முதல்வர்கிட்ட சொல்லி மாத்தித் தர்றேன்" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

செந்தட்டி அவர் காலில் விழலாமா என்று பார்த்தான். அதற்குள் ஹமீதா எழுந்து, கும்பிட்டு, எதிர்க்கருத்து கேட்காமல் எங்களால் எதையும் ஏற்க முடியாது சார் என்றாள். எல்லாரும் கோட்டைச்சாமியைப் பார்த்தார்கள். தன் பதவிக்காலம் வெள்ளிக்கிழமையோடு முடிந்தது என்றான் அவன்.

பதிவேட்டில் அடுத்த பெயர் செந்தட்டி.

அவன் எழுந்தான். கடமை என்று வந்துவிட்டால் பின்வாங்குகிற பரம்பரை இல்லை அவனுடையது. எண்தான் உலகத்துக்கே உயிர் என்றான். சராசரி இல்லாத வாழ்க்கை உப்பில்லாத சோறு என்றான். பஸ் நம்பர்களைப் பற்றி அவன் உருகி உருகிச் சொன்னபோது ஆவுடையப்பன் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து செந்தட்டிக்கும் அழுகை வந்தது. அழுதுகொண்டே முடித்தான்.

"பிரமாதம்ல. ஆனா வெளிநடப்பு பாக்கி இருக்கு" என்று கோட்டைச்சாமி அவன் காதில் சொன்னான்.

அதுவும் முறைதானே. செந்தட்டி கையை உயர்த்தி, புள்ளியியல் வேண்டும், புள்ளியியல் வேண்டும் என்று கோஷம் போட்டபடி வராந்தாவுக்கு நடந்தான். எதிரே முதல்வர் வந்துகொண்டிருந்தார். ஹாஸ்டல் சாம்பாருக்கும் தண்ணிக் குழாய்க்கும் தவிர வேறெதற்கும் கோஷம் கேட்டறியாத மனுஷர் அவர். அப்படியே நின்று, கோரிக்கை முழுவதையும் காது குளிரக் கேட்டார். அந்த இடத்திலேயே உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அரசியல் அறிவியல் மாணவர்களுக்கு இனிப் படிப்பு முடியும்வரை, ஒவ்வொரு பருவமும் புள்ளியியல்.

சாத்தனேரிக் கல்லூரி வரலாற்றில் ஒரு மாணவர் கோரிக்கை கேட்டதற்கும் மேலாக நிறைவேறியது அன்றுதான். மற்ற மூவரும் செந்தட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வளாகத்தை ஊர்வலமாகச் சுற்றினார்கள். மேலே உட்கார்ந்து அவன் ஓவென்று அழுதுகொண்டே வந்தான். அது வெற்றிக் கண்ணீர் என்று தேர்தல் ஆணையம், பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே, வணிகவியல் மாணவர்களுக்கு அறிவித்தது.