போர் மோட்டார் உத்தரவு

இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் கட்டுப்பல் இப்போதே கழன்று விழட்டும்.

சாத்தூரில் தையல்கடை வைத்திருக்கும் அன்னக்கொடிக்கு ஒரு வலைப்பூ உண்டு. எங்கோ தீவு நாட்டில் ஒரு கோடீஸ்வரர் தானே பாட்டுப்போட்டி நடத்தி, தானே முதல் பரிசும் வாங்கிக்கொண்டார். அந்த வீடியோவைப் பார்த்தவள், 'ஐயாவின் குரல் தண்ணீர் வற்றிய போர் மோட்டார்' என்று எழுதிவிட்டாள்.

அந்த நாட்டு நீதிமன்ற உத்தரவையும் அதன் தமிழாக்கத்தையும் தூக்கிக்கொண்டு கோடீஸ்வரரின் வக்கீல் சேதுநாராயணன் கடைக்கே வந்துவிட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள பதிவை எடுக்கணும். இல்லேன்னா உன் வலைப்பூவையே மூடிடுவாங்க. எடுத்த இடத்துல இந்த உத்தரவைப் போடு. ஊரே பார்த்துப் பயப்படட்டும்."

"முழுசாவா சார்?"

"ஒரு எழுத்து குறையக்கூடாது."

அன்னக்கொடி படித்துப் பார்த்தாள். குற்றம் எதுவென்று காட்டுவதற்காக, நீதிபதி அந்தப் போர் மோட்டார் வரியை ஐந்து இடத்தில் அப்படியே எழுதியிருந்தார். பதிவை எடுத்துவிட்டு உத்தரவை முத்திரையோடு போட்டாள். பத்துப் பேர் படித்த வரியை மறுநாள் பத்து லட்சம் பேர் படித்தார்கள்.

வக்கீல் மூச்சிரைக்க வந்தார். "முதல்ல அதை எடும்மா."

"கோர்ட்டு உத்தரவை நானா எடுக்க முடியுமா சார்? எடுக்கச் சொல்லி இன்னொரு உத்தரவு வாங்கிட்டு வாங்க. அதையும் முழுசாப் போட்டுடறேன்" என்றாள், ஊசியில் நூல் கோத்தபடி.

வக்கீல் கோட்டைக் கழற்றி, அறுந்த பொத்தானைத் தைக்கக் கொடுத்தார்.

நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதீர்கள். கோர்ட்டுக்கு இழுத்தால்கூடப் பரவாயில்லை. அந்த ஐயா நேரில் வந்து பாடிவிடுவார்.