சரக்காகப் போன அரசர்

முன்னொரு காலத்தில் ஒரே அரசரின் குடைக்கீழ் அடுத்தடுத்து மூன்று ஊர்கள் இருந்தன. குடை ஒன்றுதான் என்றாலும் வண்டிச் சட்டம் ஊருக்கு ஒன்றாக இருந்தது.

தலைநகரமான கோட்டைநகரில் சரக்கு வண்டிகள் சூரியன் மறைந்த பிறகுதான் ஓடலாம். விடிந்தால் கதவு சாத்திவிடுவார்கள். அரை நாள் வழியில் இருந்த நடுவூரில் நேர்மாறு. அங்கே வண்டிகள் பகலில் மட்டுமே போகலாம். தெருக்கள் குறுகல் என்பதால் ஒற்றை மாட்டு வண்டியாகவும் இருக்க வேண்டும். அங்கிருந்து ஒரு பகல் தூரத்தில் கடலோரப் பனந்துறை. அங்கே மணல் பாதை, ஆகவே இரட்டை மாட்டு வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. மூன்று ஊர் அதிகாரிகளும் திருவிழாவில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள்.

ஒரு கோடையில் குலவர்த்தன மகாராஜாவுக்கு நுங்கு தின்ன ஆசை வந்தது. பனந்துறை நுங்குக்கு ஈடு இல்லை என்று யாரோ விருந்தாளி சொல்லிவிட்டுப் போயிருந்தார். உடனே ஆள் அனுப்பினார்கள். காலையில் வெட்டிய குலை மாலையில் நடுவூர் வாசலை அடைந்தது, கதவு சாத்தியிருந்தது. மறுநாள் வண்டி மாற்றிக் கோட்டைநகர் வந்தபோது உச்சிவெயில். இங்கே கதவு சாத்தியிருந்தது. இருட்டிய பிறகு அரண்மனைக்கு வந்த நுங்கைச் சீவிப் பார்த்தால், ஒன்று வற்றிக் கல்லாகியிருந்தது, இன்னொன்று புளித்திருந்தது.

அரசர் முகம் சுளித்தார். மந்திரி அனந்தபாலர் இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார்.

"மன்னவா, நம் விகடகவி விடங்கனுக்கு முடியாதது எதுவும் இல்லை என்று சபையே புகழ்கிறது. அவனே நுங்கைக் கொண்டுவரட்டும். ஆனால் எந்த ஊர்ச் சட்டத்தையும் மீறக் கூடாது."

அனந்தபாலருக்கு விடங்கனைக் கண்டாலே ஆகாது. தான் மணிக்கணக்கில் பேசிப் பெறாத சிரிப்பை அவன் ஒரு வார்த்தையில் பெற்றுவிடுகிறான் என்பது அவருடைய மனக்குறை.

அரசருக்கு இந்த யோசனை பிடித்துப்போயிற்று. "விடங்கா! வெட்டிய பதம் மாறுவதற்குள் பனந்துறை நுங்கு என் கையில் சேர வேண்டும். ஒரு சட்டமும் மீறப்படக் கூடாது. தவறினால் இந்தச் சபையில் உனக்கு இடம் இல்லை."

"உத்தரவு, மன்னவா" என்று விடங்கன் வணங்கிவிட்டுப் போனான்.

மறுநாள் மாலை அவன் ஓர் இரட்டை மாட்டு வண்டியை அரண்மனைக் கொல்லைப்புறம் கொண்டுவந்து நிறுத்தினான். வண்டி நிறைய வைக்கோல்.

"நுங்கு எங்கே?" என்றார் அரசர்.

"பனந்துறையில் மரத்தில் இருக்கிறது, மன்னவா. நுங்கு தங்கள் கையில் சேர வேண்டும் என்றுதான் கட்டளை. எது எதைத் தேடிப் போக வேண்டும் என்று கட்டளையில் இல்லை. நுங்கு வழியில் கெட்டுவிடும். தங்கள் கை கெடாது. ஆகவே கையைக் கொண்டுபோக வண்டி கொண்டுவந்தேன்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். அனந்தபாலர் குறுக்கிட்டார்.

"மன்னர் போவது பல்லக்கில்தானே? வண்டிச் சட்டம் பல்லக்குக்கு இல்லை. அது சட்டத்தை ஏய்ப்பதாகும்!"

"அதனால்தான் வண்டி" என்றான் விடங்கன். "மன்னர் சரக்காக வருகிறார். சாட்சிக்குத் தாங்களும் சரக்காக வாருங்கள், மந்திரியாரே. வைக்கோல் இருவருக்கும் போதும்."

வேட்டைக்குப் போவதாக அரண்மனையில் சொல்லிவிட்டு, சாதாரண வேட்டி துண்டோடு அரசர் வண்டியில் ஏறினார். மந்திரி முனகிக்கொண்டே ஏறினார்.

நடுவூர் வாசலில் விடியும்வரை காத்திருந்தார்கள். கதவு திறந்ததும் காவல்காரன் கம்பால் வைக்கோலைக் குத்தினான். மந்திரி அலறினார்.

"என்னய்யா இது, சரக்குன்னு சொன்னே, கத்துது?"

"வண்டியில ஏறுனதெல்லாம் சரக்குன்னுதானே உங்க ஊர்ச் சட்டம்?" என்றான் விடங்கன்.

காவல்காரன் தலையைச் சொறிந்தான். "சட்டம் அப்படித்தான் சொல்லுது. சரி, ரெட்டை மாட்டு வண்டி உள்ள போவக் கூடாது. ஒத்த மாட்டு வண்டி ரெண்டு பிடிச்சு, சரக்கைப் பாதிப் பாதியாப் பிரிச்சுக்க."

அரசர் ஒரு வண்டியிலும் மந்திரி ஒரு வண்டியிலுமாக ஊரைக் கடந்தார்கள். அடுத்த வாசலில் மறுபடி ஒரே வண்டிக்கு மாறினார்கள். இரண்டு இடத்திலும் வைக்கோலைச் சுமந்து மாற்றியவர் மந்திரி. "சரக்கு தானே இறங்கி ஏறுவது நல்ல வழக்கம்" என்று விடங்கன் சொல்ல, அரசருக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

பனந்துறையில் விடிகாலை மரத்திலிருந்து இறக்கிய குலையை அங்கேயே சீவி, அரசர் கட்டைவிரலால் தோண்டித் தின்றார். தண்ணீர் முழங்கைவரை வழிந்தது.

"ஜெயித்துவிட்டாய், விடங்கா!"

அதோடு விளையாட்டு முடிந்திருக்கலாம். பல்லக்கை வரவழைத்திருக்கலாம். ஆனால் அரசர் உற்சாகத்தில் இருந்தார். திரும்பும்போதும் வண்டியில்தான் போவோம் என்றார். மந்திரியை இன்னும் ஒரு நாள் வைக்கோல் சுமக்க வைக்கலாமே என்று விடங்கனும் தடுக்கவில்லை.

மறுநாள் உச்சிவேளையில் கோட்டைநகர் வாசலுக்கு வந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. காவலர்களுக்கு அரசரை அடையாளம் தெரியவில்லை. "பொழுது சாயட்டும்" என்று சொல்லிவிட்டு நிழலுக்குப் போய்விட்டார்கள்.

"என் ஊர்க் கதவு என்னையே விடவில்லை பார்" என்று அரசர் முதலில் சிரித்தார். வெயில் சுடச் சுடச் சிரிப்பு குறைந்தது. வரிசையாக வண்டிகள் நின்றன. வண்டிக்காரர்கள் வண்டிக்கடியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் வெற்றிலைக் கட்டுகள் ஏற்றிய வண்டியின் நிழலில் உட்கார்ந்து, கட்டுகள்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கய்யா, இப்படி நெழலுக்கு வாங்க" என்று அரசரைப் பார்த்துக் கூப்பிட்டாள். "வயசானவுக வெயில்ல நிக்காதீக."

அவள் பெயர் காத்தாயி. அரசர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். செம்பில் தண்ணீர் தந்தாள்.

"எல்லோரும் தூங்குகிறார்களே, நீ தூங்கவில்லையா, அம்மா?"

"எனக்கு வண்டியோட இருக்கையில தூக்கம் வராதுங்கய்யா. பயம்."

"என்ன பயம்?"

அவள் இன்னொரு கட்டின்மேல் தண்ணீர் தெளித்தாள்.

"எம்புருசன் சடையாண்டிதான் இந்த வண்டிய ஓட்டுனாரு. நடுவூர்ல பகல்லதான் சரக்கு ஏத்தணும். இங்க ராத்திரிதான் எறக்கணும். பகலும் முழிப்பு, ராத்திரியும் முழிப்பு. நடுவுல இப்படிக் கதவு முன்னால கெடக்கறதுதான் தூக்கம். மாட்டுக்காச்சும் நின்னுக்கிட்டே கண்ண மூடத் தெரியும். போன கோடையில ஒருநா இங்க எறக்கிட்டுத் திரும்பி வரையில, வண்டி முன்னால மூக்கணையில உக்காந்தபடியே அசந்துட்டாரு போல. கீழ விழுந்து சக்கரம் ஏறிருச்சு. மாடு பழகின வழியாச்சே, அது பாட்டுக்கு வண்டிய வீட்டுக்கு இழுத்துட்டு வந்திருச்சு. நான் வெளிய வந்து பாக்கறேன், வண்டி நிக்குது, ஆளக் காணோம். பின்னால வாறாரு போலன்னு அவருக்குச் சோறு போட்டு வச்சேன்."

அரசர் செம்பைக் கீழே வைத்தார்.

"இங்கே இரவில்தான் வரவேண்டும் என்று எதற்காக வைத்தார்களாம்?"

"ராசா மத்தியானம் தூங்குவாராம், சக்கரச் சத்தம் ஆகாதாம். நடுவூரு அதிகாரிக்கு ராத்திரிச் சத்தம் ஆகாதாம். எல்லாரும் நல்லாத் தூங்கணும்னுதான் சட்டம் போட்டிருக்காக. வண்டிக்காரன் எப்பத் தூங்குவான்னு ஒருத்தரும் கேக்கல. அவங்களுக்கும் தெரியாது போல."

அவள் குரலில் கோபம் இல்லை. விடங்கன் சக்கரத்தில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இந்த வாசலை அவன் எத்தனையோ முறை கடந்திருக்கிறான். மந்திரியை மட்டம் தட்டுவதைத் தவிர வேறொன்றும் இந்தப் பயணத்தில் அவன் மனத்தில் இருந்ததில்லை.

அரசரின் முகம் மாறியதைக் கண்டு மந்திரி பதறிவிட்டார்.

"வாயை அடக்கு, பெண்ணே! யாரிடம் பேசுகிறாய் என்று தெரியுமா? இவர்தான் குலவர்த்தன மகாராஜா!"

சத்தம் கேட்டுக் காவலர்கள் ஓடிவந்தார்கள். தலைவன் உற்றுப் பார்த்துவிட்டுத் தரையில் விழுந்தான். தூங்கிக்கொண்டிருந்த வண்டிக்காரர்கள் எழுந்து கும்பிட்டார்கள். நிலைமையைச் சரிசெய்வதாக நினைத்து மந்திரி எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினார். மன்னருக்கு நுங்கு தின்ன ஆசை வந்தது, விகடகவியோடு பந்தயம், வேடிக்கைக்காகச் சரக்கு வேடம், யாரும் பயப்பட வேண்டாம், சிரியுங்கள். இரண்டொருவர் பயத்தில் சிரித்தார்கள்.

காத்தாயி மெல்ல எழுந்து நின்று கைகூப்பினாள்.

"நுங்கு நல்லா இருந்திச்சா, மகாராசா?"

பனந்துறைக்குப் போய்வந்த யாரிடமும் கேட்பதுபோலத்தான் கேட்டாள். பதில் சொல்வதையே தொழிலாகக் கொண்ட விடங்கனை அரசர் திரும்பிப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கதவைத் திற" என்றார் அரசர். "எல்லா வண்டிகளும் போகட்டும்."

மறுவாரம் மூன்று ஊர் அதிகாரிகளும் சபைக்கு வந்தார்கள். தன் தூக்கத்துக்காகப் போட்ட சட்டத்தை முதலில் தானே நீக்குவதாக அரசர் சொன்னார். "மற்ற ஊர்களோடு சேர்ந்து ஒரே சட்டமாக எழுதுங்கள்" என்றார். பேச்சு காலையில் தொடங்கியது. இருட்டும்வரை முடியவில்லை.

"இரவில் கதவைத் திறந்தால் நடுவூரில் திருடன் நுழைவான்."

"ஒற்றை மாட்டு வண்டி பனந்துறை மணலில் புதையும்."

"இரட்டை மாட்டு வண்டி எங்கள் தெருவில் திரும்பாது."

"பிறகு எதற்கு அதை ஊர் என்கிறீர்?"

விடங்கன் எழுந்தான். "மன்னவா, இவர்களை வற்புறுத்த வேண்டாம். இவர்கள் எழுதிய சட்டப்படியே இவர்களும் இருக்கட்டும். நடுவூர்ச் சட்டம் பகலில் தூங்க விடாது. கோட்டைநகர்ச் சட்டம் இரவில் தூங்க விடாது. இரண்டையும் மீறாமல் இங்கேயே உட்கார்ந்து பேசட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

அன்றிரவும் மறுநாள் பகலும் காவலர்கள் அவர்களைக் கண்மூட விடவில்லை. அடுத்த இரவு பாதி போவதற்குள் எல்லாம் முடிந்தது. மூன்று ஊர்க் கதவுகளும் விடிந்ததிலிருந்து முன்னிரவு வரை ஒன்றுபோலத் திறந்திருக்கும். நடுவூரைச் சுற்றி அகலமாக ஒரு வெளிப்பாதை போடுவது. அந்த ஊருக்கான சரக்கை வெளியே ஒரு கொட்டகையில் இறக்கிச் சின்ன வண்டிகளில் உள்ளே அனுப்புவது. பக்கத்திலேயே வண்டிக்காரர்கள் படுக்கக் கூரை போட்ட இடம், மாட்டுக்குத் தண்ணீர்த்தொட்டி. கடைசியில் பனந்துறை அதிகாரி ஓலையில் வைக்க வேண்டிய முத்திரையைத் தூக்கக்கலக்கத்தில் தன் புறங்கையில் குத்திக்கொண்டு, "ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்லியபடியே சாய்ந்துவிட்டார்.

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். வாசலில் நின்ற அந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் முறை. சபையும் சிரித்தது. தன் கையிலிருந்த காப்பைக் கழற்றி விடங்கனுக்கு அணிவித்தார். அனந்தபாலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். விகடகவி ஜெயித்தான், அரசர் பரிசு கொடுத்தார் என்று ஊர் பேசியது.

வெளிப்பாதை போட்டு முடித்த பிறகு ஒரு பகல்பொழுதில் விடங்கன் கோட்டைநகர் வாசலில் போய் நின்றான். கதவு அகலத் திறந்திருந்தது. வெற்றிலை வண்டி வந்தது. காத்தாயி அவனை அடையாளம் கண்டு மாட்டை நிறுத்தினாள்.

"புதுச் சட்டம் எப்படி இருக்கு, தாயி?" என்று கேட்டான்.

"நல்ல சட்டம் சாமி. இப்பெல்லாம் எல்லாரும் ராத்திரி வீட்டுல படுக்கறாக. நேத்து நான்கூட அசந்துட்டேன்." கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். "ராசாவுக்கு அந்த நுங்கு ஆசை ரெண்டு கோடைக்கு முந்தி வந்திருக்கலாம்."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மாட்டைத் தட்டினாள், வண்டி உள்ளே போயிற்று.

"ஓரமா நில்லுங்க சாமி, வழி வேணும்" என்றார் பின்னால் வந்த வண்டிக்காரர்.

விடங்கன் ஓரமாக நின்றான்.